பிரிஞ்சாங்: தேயிலைச் சரிவில் எழுந்த பட்டணம்

தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பெனத் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் தித்திவாங்சா மலைத்தொடரில், பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்தது கேமரன் மலை. ஏறத்தாழ 712 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள அம்மாவட்டத்தின் பெரும்பகுதி ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. தாப்பாவிலிருந்து ஏறும் சாலை முதலில் ரிங்லெட்டைத் தொடும். பின்னர்த் தானா ராத்தா. அதற்கு வடக்கே நான்கைந்து கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், பிரிஞ்சாங். அதற்கும் அப்பால் கீ பார்ம், திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா, புளூ வேலி என ஊர்கள் ஒரே சாலையில் மணி கோத்தாற்போல் அமைந்துள்ளன. மாவட்ட ஆட்சிக்குத் தலைமையிடம் தானா ராத்தாவே ஆயினும், விடுதிகளும் அடுக்குமாடிகளும் இரவுச் சந்தையும் கூடிப் பெருத்துள்ள ஊர் பிரிஞ்சாங்தான். ஒரு தெருவும் சில கடைகளுமாக இருந்த சிற்றூர் இவ்வாறு வளர்ந்த வரலாறு, சாலையின் வரலாறாகவும் நீரின் வரலாறாகவும் தேயிலைத் தோட்டத்துத் தமிழரின் வரலாறாகவும் பின்னிக் கிடக்கிறது.

இம்மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் ஓர் அரசாங்க நில அளவையாளர். 1885ஆம் ஆண்டில் பேராக் பகாங் எல்லைக் காடுகளை ஆராயச் சென்ற அவர், மலைகள் சூழ்ந்த மென்சரிவான மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாக எழுதி வைத்தார். அடுத்த ஆண்டிலேயே அவர் காலமானார். அவர் வரைந்த படம் பின்வந்தோர் கைக்குக் கிட்டாமற் போனமையால், அவர் கண்ட இடம் யாதென்பதே நெடுங்காலம் ஐயத்திற்குரியதாக இருந்தது. கேமரன் இம்மலையைக் ‘கண்டுபிடித்தார்’ என்று பாடநூல்கள் கூறுவது ஒரு மரபு. தெலோம், பெர்தாம் ஆற்றங்கரைகளில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் மரவள்ளி பயிரிட்டும் வாழ்ந்து வந்த செமாய் மக்களிடம் கேட்டால், தொலைந்து போகாத ஒன்றை ஒருவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்றே அவர்கள் வியப்பார்கள்.

நாற்பதாண்டுகள் மலை அப்படியே கிடந்தது. 1925இல் மலாய் ஐக்கிய மாநிலங்களின் தலைமைச் செயலர் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்கே சென்று பார்த்துத் திரும்பியபின்பே அரசு விழித்துக்கொண்டது. வெப்ப நாடுகளை ஆண்ட ஆங்கிலேயர், தம் உடலுக்கு ஒத்த குளிர்ச்சி தேடி மலையேறுவது வழக்கம். நீலகிரியில் உதகமண்டலம் 1820களில் எழுந்தது. இலங்கையில் நுவரெலியா அதன்பின் வந்தது. மலாயாவிலேயே தைப்பிங்கை அடுத்த மேக்ஸ்வெல் மலையும் பினாங்குக் கொடிமலையும் பிரேசர் மலையும் முன்னரே இருந்தன. ஆயினும் அவையாவும் சில பங்களாக்களுக்கு இடங்கொடுக்கும் குன்றுகள். நகரம் ஒன்றை அமைக்கவும் வேளாண்மை செய்யவும் ஏற்ற விரிந்த மேட்டுநிலம் கேமரன் மலை ஒன்றே என்பது மேக்ஸ்வெல் கண்ட முடிவு. தானா ராத்தா என்னும் பெயருக்கே ‘சமநிலம்’ என்பது பொருள்.

ஆனால் சாலையின்றி மலையால் யாருக்கு என்ன பயன்? 1926இல் தாப்பாவிலிருந்து சாலை வெட்டும் பணி தொடங்கி, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நடந்தது. தானா ராத்தா வரையில் சுமார் 60 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் பார்த்தால் ஏறத்தாழ அதிற் பாதியே. எஞ்சியவை எல்லாம் வளைவுகள். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் பள்ளம். மழைக்காலத்தில் வெட்டிய மண்ணே சரிந்து வந்து வெட்டிய பாதையை மூடும். மலையடிவாரக் காட்டில் மலேரியாக் காய்ச்சல் வேறு. மலாயா முழுவதிலும் பொதுப்பணித் துறையின் சாலை வேலைகளில் தென்னிந்தியத் தமிழரே பெருந்தொகையினராக உழைத்த காலம் அது. சடக்கு போடுவதும், கல்லுடைப்பதும், கால்வாய் வெட்டுவதும், பின்னர் அந்தச் சடக்கைச் செம்மையாக வைத்திருப்பதும் அவர்கள் தொழிலாக இருந்தன. சாலையின் முதல் மைலிலிருந்து கடைசி மைல் வரை எத்தனை பேர் காய்ச்சலுக்கு இரையாயினர் என்பதற்கு நினைவுக்கல் எதுவும் நாட்டப்படவில்லை. மலையைக் கண்டவரின் பெயர் மலைக்கு வாய்த்தது. பாதை போட்டவர்கள் பெயர் ஒரு வளைவுக்குக்கூட வைக்கப்படவில்லை.

சாலை முடிவதற்கு முன்பே தேயிலை வந்துவிட்டது. மேக்ஸ்வெல் வருகையை அடுத்துத் தானா ராத்தாவில் தொடங்கப்பட்ட அரசாங்க வேளாண்மை ஆய்வுக்களம், தேயிலை மலை மண்ணில் செழிக்கும் என்று காட்டியது. ஈயம், ரப்பர், நிலம் ஆகிய தொழில்களில் கைதேர்ந்த ஜே. ஏ. ரஸ்ஸல், 1929இல் நிலம் பெற்று ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த ஏ. பி. மில்ன் அவருக்குத் துணையானார். ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்தியர் கண்டிச் சீமையின் லூல்கந்துரையில் 1867இல் தொடங்கிய தொழில், அறுபதாண்டுகளில் வங்கக் கடலைத் தாண்டிப் பகாங் மலையில் வேரூன்றியது. உலகப் பொருளாதாரம் சரிந்து, ரப்பர் விலை அடிமட்டத்திற்குப் போய், பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்து நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் கப்பலேற்றி அனுப்பப்பட்ட ஆண்டுகள் அவை. கீழே ரப்பர்த் தோட்டத்தில் ஆட்குறைப்பு நடக்க, மேலே மலைச்சரிவில் தேயிலைக் கன்றுகள் நடப்பட்டன. ரஸ்ஸல் 1933இல் மறைந்தார். தோட்டம் நின்றது. அதே 1933இல் இந்தியர் ஒருவரின் முயற்சியால் பாரத் தேயிலைத் தோட்டமும் தோன்றியது. பிரிஞ்சாங்கிற்கு அண்மையில் சுங்கை பாலாஸ், வடகோடியில் புளூ வேலி எனத் தேயிலைப் பசுமை சரிவு சரிவாகப் பரவியது.

தோட்டம் என்பது வெறும் விளைநிலமன்று; அது தனக்கென ஓர் ஆட்சியுடைய ஊர். துரை, கிராணி, கங்காணி, அவர்களுக்குக் கீழே லயத்து மக்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, கூடையை முதுகில் தொங்கவிட்டு நிரையில் இறங்கினால், பனி விலகுமுன் விரல்கள் மரத்துப் போகும். இரு இலையும் ஒரு குருத்தும் கிள்ளுவது பெண்களின் கைத்திறன்; கவ்வாத்து வெட்டுவதும் கானு வெட்டுவதும் ஆண்களின் பாடு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று விதித்திருந்தது. அதன்படி ஆயாக்கொட்டகையும் பள்ளிக்கூடமும் கோயிலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தண்ணீர் தோட்டத்துக் குழாயில் வந்தது. விளக்கு, மருந்து, கடன், துக்கம், திருவிழா அனைத்தும் தோட்டத்து எல்லைக்குள்ளேயே நடந்தன. எனவே, பட்டணம் ஒன்று அருகில் வளர்ந்து வருகிறது என்பது தொழிலாளருக்குப் பலகாலம் வேறோர் உலகத்துச் செய்தியாகவே இருந்தது. சம்பள நாளன்று கடைத்தெருவுக்கு இறங்கி வருவதே அவ்வுலகத்தோடு அவர்க்கிருந்த உறவு.

ஆங்கிலேயர் வகுத்த மலைவாச நகரம் இதற்கு நேர்மாறானது. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்கிற்கும் இடைப்பட்ட நல்ல சமநிலத்தைக் குழிப்பந்து மைதானம் எடுத்துக்கொண்டது. அதனருகே 1937இல் இங்கிலாந்து நாட்டுப்புற வீட்டைப் போன்ற தோற்றத்தில் ‘ஸ்மோக்ஹவுஸ்’ விடுதி எழுந்தது. மலையில் சமநிலம் என்பது பொன்னுக்கு நிகர். அந்தப் பொன்னின் பெரும்பங்கு புல்லுக்குப் போயிற்று என்பதை இன்றும் அச்சாலையில் செல்வோர் காணலாம். பிற்காலத்தில் பட்டணம் பெருகியபோது கட்டடங்கள் சரிவுகளை நோக்கி ஏற நேர்ந்ததற்கு, தொடக்கத்தில் நிலம் பங்கிடப்பட்ட இம்முறையும் ஒரு காரணம் எனலாம்.

போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் தேயிலைக்கு ஏற்றுமதியில்லை, வயிற்றுக்குச் சோறுமில்லை. மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரள்திரளாகச் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட கொடுமை இங்கே விரித்துரைக்க வேண்டாதபடி எல்லாரும் அறிந்ததே. போருக்குப் பின் 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. காட்டோரத்துச் சீனக் குடியானவர்கள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்கென ஸ்லிம் பள்ளி 1951இல் தானா ராத்தாவில் திறக்கப்பட்டு 1964 வரை நடந்தது. குண்டும் ஊரடங்கும் நிறைந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மலையின் முகம் மாறியது. முள்வேலிக்குள் குடியேறியவர்கள் வேலிக்கு வெளியே முட்டைக்கோசும் தக்காளியும் கீரையும் பயிரிட்டனர். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் காய்கறி ஏற்றிச் செல்லும் லோரிகள் தாப்பாச் சாலையில் இரவெல்லாம் இறங்கின. தேயிலையோடு காய்கறியும் மலையின் பொருளாதாரத்திற்குத் தூணாயிற்று.

காய்கறி நிலத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதிற் பெரும்பகுதி சொந்த நிலமன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் தரப்பட்டது. நாளை பறிபோகக்கூடிய நிலத்தில் எவரும் கற்சுவர் எழுப்பார். அடுக்குப் படி வெட்டி மண்ணைக் காக்கப் பணம் செலவிடார். இந்த ஆண்டு எடுக்கக்கூடியதை இந்த ஆண்டே எடுப்பார். தேயிலையோ நூறாண்டு நிற்கும் செடி. வேரால் மண்ணைப் பற்றி, இலையால் மழையைத் தாங்கி, சரிவை ஒருவாறு காத்து நிற்கும். உழுது கொத்திய காய்கறிச் சரிவில் அந்தக் காப்பு இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், இவ்வேறுபாடு சிறிதன்று. உரிமச்சீட்டில் உள்ள ‘தற்காலிகம்’ என்னும் ஒரு சொல்லே ஆற்றில் இறங்கிய மண்ணுக்குப் பாதி காரணம்.

விடுதலைக்குப் பிந்திய முதற் பெருந்திட்டம் மின்சாரத்தைப் பற்றியது. 1958இல் உலக வங்கி மலாயாவின் மத்திய மின்சார வாரியத்திற்கு 3 கோடியே 56 லட்சம் அமெரிக்க டாலர் கடன் வழங்கியது. அந்நாட்டிற்கு உலக வங்கி அளித்த முதற் கடன் அதுவே. அதைக் கொண்டு கேமரன் மலை நீர்மின் திட்டம் நிறைவேறியது. அதன் அமைப்பு வியக்கத்தக்கது. தெலோம் ஆறும் பெர்தாம் ஆறும் இயற்கையில் கிழக்கு நோக்கி ஓடி ஜெலாய் ஆற்றோடு கலந்து பகாங் சமவெளிக்குச் செல்பவை. திட்டமோ தெலோம் ஆற்று நீரைச் சுரங்கத்தின் வழியாகப் பெர்தாம் படுகைக்குத் திருப்பியது. ரிங்லெட்டில் 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணை அந்நீரைத் தேக்கியது. தேக்கிய நீர் மலையைக் குடைந்த மற்றொரு சுரங்கத்தின் வழியே மேற்கே பேராக்கிற்குப் பாய்ந்து, ஐந்நூறு மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து விழுந்து, நிலத்தடியில் அமைந்த ஜோர் மின்நிலையத்தின் உருளைகளைச் சுழற்றியது. அதன் திறன் 100 மெகாவாட். பின்னர் அதே நீர் மேலும் கீழிறங்கி ஓ மின்நிலையத்தில் இன்னொருமுறை மின்சாரம் தந்தது. கிழக்கே போக வேண்டிய ஆறு மேற்கே போய்ப் பேராக் சமவெளிக்கு இறங்கிற்று. ஆற்றைத் திருப்பியது போலவே மலையின் பொருளும் மக்களும்கூட மேற்கு நோக்கியே இறங்கினர். பகாங்கின் பகுதியாக இருந்தும், கேமரன் மலைவாசி தன் மாநிலத் தலைநகருக்குச் செல்லப் பேராக்கில் இறங்கியே செல்ல வேண்டியிருந்தது. நிர்வாகத்திலும் கேமரன் மலை 1982 வரை லிப்பிஸ் மாவட்டத்தின் ஒரு பகுதியே. மாவட்டத் தலைமையிடமான கோலாலிப்பிஸ் மலைக்கு மறுபுறம். இடையில் நேர்ச்சாலை கிடையாது. 1982இல் தனி மாவட்டம் ஆன பின்னும், ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயானுக்கு நேர்ச்சாலை வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

அணைக்கும் பிரிஞ்சாங்கிற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பெர்தாம் ஆறு பிறப்பது பிரிஞ்சாங் மலையில். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட அச்சிகரத்தின் உச்சி வரை வாகனச் சாலை போடப்பட்டு, அங்கே ஒலிபரப்புக் கோபுரமும் நிற்கிறது. சிகரத்தின் காட்டில் ஊறும் நீர் பிரிஞ்சாங் பட்டணத்தின் ஊடாக, குழிப்பந்து மைதானத்தைக் கடந்து, தானா ராத்தாவைத் தொட்டு, ராபின்சன் அருவியாக விழுந்து, ஹாபு வழியே ரிங்லெட் ஏரியை அடைகிறது. ஆகவே பிரிஞ்சாங்கில் ஒருவர் அடித்தளம் தோண்டி ஓரத்தில் கொட்டும் மண், அடுத்த பெருமழையில் புறப்பட்டு அணைக்கு வந்து சேரும். சாக்கடையும் அப்படியே. மேலே இருக்கும் பட்டணத்தின் குப்பைத்தொட்டி கீழே இருக்கும் ஏரி என்பது மலைநாட்டு நியதி.

பிரிஞ்சாங்கின் பெயரை உலகச் செய்தித்தாள்கள் அறிந்தது ஒரு விந்தையான நிகழ்ச்சியால். தாய்லாந்துப் பட்டுத் தொழிலில் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26ஆம் நாள், பிரிஞ்சாங் அருகே தாம் விருந்தினராகத் தங்கியிருந்த ‘மூன்லைட்’ பங்களாவிலிருந்து உலாவச் சென்றவர் திரும்பவேயில்லை. படையினரும் காவலரும் ஓராங் அஸ்லி வழிகாட்டிகளும் காடெல்லாம் தேடியும் தடயம் கிட்டவில்லை. மலையில் மறைந்த தொழிலாளர் கணக்கில் வராதவர். பட்டு வணிகர் ஒருவர் மறைந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இதனை ஒரு குறையாகச் சொல்வதைவிட, உலகத்தின் இயல்பாகச் சொல்லிவிட்டு மேலே செல்வது நலம்.

எழுபதுகளுக்குப் பின் உள்நாட்டுச் சுற்றுலா பெருகப் பெருக, ஆங்கிலேயர் ஒதுங்கிய குளிர்மலை எல்லார்க்கும் உரியதாயிற்று. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஒரு காலத்தில் துரைமார் மட்டும் கம்பளி போர்த்தி உலாவிய இடத்தில், ஈப்போவின் தட்டெழுத்தாளரும் கிள்ளானின் லோரி ஓட்டுநரும் குடும்பத்தோடு வந்து சோளம் சுட்டுத் தின்றனர். 1972இல் எழுந்த சம்போ புத்தர் கோயிலும், பிரிஞ்சாங்கில் அமைந்த தெண்டாயுதபாணி சுவாமி கோயிலும், கொழுந்துச் சரிவும், பின்னர் ஸ்திராபெரித் தோட்டங்களும் காண்பதற்கு உரியவையாயின. தேநீர் விற்பதோடு தேயிலைக் காட்சியையும் விற்கலாம் என்பதைத் தோட்ட நிறுவனங்கள் கண்டுகொண்டன. சுங்கை பாலாஸ் ஆலையைப் பார்க்க வரும் பேருந்துகள், ஒரு காலத்தில் கொழுந்து லோரிக்கு மட்டும் அளவெடுத்துப் போட்ட குறுகிய தோட்டத்துச் சடக்கில் ஒன்றையொன்று உரசாமல் விலக இன்றும் இடமின்றித் திணறுகின்றன.

வளர்ச்சியின் வேகம் தொண்ணூறுகளில் கூடியது. பிரிஞ்சாங்கின் இருபுறமும் குன்றுகள் வெட்டப்பட்டு விடுதிகளும் விடுமுறை அடுக்குமாடிகளும் எழுந்தன. அந்த வீடுகளை வாங்கியோரில் பலர் சமவெளி நகரங்களில் வாழ்வோர். பள்ளி விடுமுறையில் மட்டும் விளக்கெரியும் சன்னல்கள் பல. சுற்றுச்சூழல் தர ஆணை 1987ஆம் ஆண்டிலேயே, மலைவாச இடங்களில் 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்புள்ள விடுதித் திட்டங்கள் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு செய்தாக வேண்டும் என்று விதித்தது. நல்ல விதிதான். ஆனால் பிரிஞ்சாங் போன்ற ஊரில் ஐம்பது ஹெக்டேரை ஒரே துண்டாக யார் கட்டப்போகிறார்? கடைத்தெருவையும் கோயில்களையும் சந்தையையும் சேர்த்து அளந்தாலும் அவ்வளவு தேறுவது அரிது. ஒவ்வொரு கட்டடமும் விதிக்குக் கீழே நிற்க, அனைத்தும் சேர்ந்த மலை விதிக்கு மேலே போய்விட்டது. 1993 டிசம்பர் 11ஆம் நாள் சிலாங்கூர் உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்ட பின்னரே, சரிவில் கட்டுவது குறித்து நாடு அஞ்சத் தொடங்கியது. அந்த அச்சம் உயிரோடிருந்த ஆண்டுகளிலேயே, கெந்திங், பிரேசர், கேமரன் மலைகளை மலைமுகட்டு வழியே இணைக்கும் நெடுஞ்சாலைத் திட்டம் ஒன்று பேசப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே அது கைவிடப்பட்டது.

கைவிடப்படாத சாலை வேறு. ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் அகன்ற சாலை, இரண்டாயிரமாம் ஆண்டையொட்டித் திறக்கப்பட்டது. அதுவரை பிரிஞ்சாங் தாப்பாச் சாலையின் ஏறத்தாழக் கடைக்கோடி. தாப்பாவின் வளைவுகளில் குமட்டிக் குமட்டி வந்து சேர்ந்தவர்கள் தானா ராத்தாவிலேயே தங்கிவிடுவதுமுண்டு. புதிய சாலை வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. வடக்கு வாயில் திறந்தது. பிரிஞ்சாங்கும் கீ பார்மும் பயணியின் வழியில் முதலில் எதிர்ப்பட்டன. நிலத்தின் விலை ஏறியது. ஆனால் இரு சாலைகளையும் இணைக்கும் நடுச்சாலையோ, காய்கறி லோரிக்கும் பழைய லேண்ட்ரோவருக்கும் ஏற்ற பழைய அகலத்திலேயே இருந்தது. அகன்ற இரு குழாய்களுக்கு நடுவே ஒரு சிறு குழாயைப் பொருத்தினால் என்ன நேரும் என்பதைப் பெருநாள் விடுமுறையில் கீ பார்மில் நின்று பார்த்தவர் அறிவர். பத்து நிமிடப் பயணம் சில மணி நேரமாகும். நோயாளியை ஏற்றிய வண்டிக்கும் அதே வரிசைதான். மாவட்டத்தின் குடித்தொகை ஏறத்தாழ 39 ஆயிரம். விடுமுறை நாட்களில் வந்து குவிவோர்க்கும் தண்ணீரும் கழிவுக்குழாயும் குப்பை வண்டியும் வேண்டும். வீட்டுக்குக் கணக்கிட்ட குழாயில் விடுதிக்கு நீர் எடுத்தால், மேட்டில் உள்ள வீட்டுக்குக் காற்றுதான் வரும்.

மண்ணின் கதைக்கு மீண்டும் வருவோம். காய்கறிச் சரிவுகளிலிருந்தும் கட்டுமானத் தளங்களிலிருந்தும் பெர்தாம் ஆற்றில் இறங்கிய வண்டல், ரிங்லெட் ஏரியைக் கணக்கிட்டதைவிட மிக விரைவாக நிரப்பியது. தேசிய மின்சார வாரியமும், 1990க்குப் பின் அதன் வாரிசான தெனாகா நேஷனலும் மண்ணை அள்ளிக் கொண்டேயிருந்தன. ஏரியில் மண் கூடினால் நீர் தங்க இடம் குறையும்; நீர் தங்க இடமில்லையேல் பெருமழையில் அணையின் மதகைத் திறப்பதன்றி வழியில்லை. 2013 அக்டோபர் 22ஆம் நாள் இரவு அதுதான் நிகழ்ந்தது. மழை கொட்டியது, நள்ளிரவு கடந்து அணை நீர் திறந்துவிடப்பட்டது, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் உறங்கியவர்களின் வீடுகளுக்குள் சேறும் நீரும் புகுந்தன. உயிர்கள் போயின, கார்கள் தாள்களைப் போல மடிந்து கிடந்தன. ஆற்று ஒதுக்கு நிலத்தில் வீடு கட்டியது யார் குற்றம், இரவில் எச்சரிக்கை எவ்வளவு எட்டியது, காட்டை அழித்தவர் யார் என்று வழக்குகளும் வாதங்களும் எழுந்தன. 2014 நவம்பரில் மீண்டும் மண்வெள்ளம், மீண்டும் உயிர்ச்சேதம். அதன் பின்பே உரிமமில்லாக் காய்கறி நிலங்களை அழிக்கும் நடவடிக்கை தீவிரமாயிற்று. பெர்தாம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சுசு அணையோடு கூடிய 372 மெகாவாட் உலு ஜெலாய் நீர்மின் திட்டம் 2016இல் நிறைவடைந்தது. முதல் அணையின் பட்டறிவு கண்ணெதிரே இருக்க, அதே ஆற்றின்மீது இரண்டாம் அணையும் எழுந்தது.

இவ்வளவு வளர்ச்சிக்கும் நடுவே லயம் என்னவாயிற்று? தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. பெயர் பதிவேட்டில் இருக்கும்வரை கூரை உண்டு; வயது முதிர்ந்து பெயரை அடித்தால் கூரையும் போகும். மலாயாவெங்கும் இதுவே தோட்டத்தமிழரின் நிலை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளையர் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது பல்லாயிரம் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். தேயிலை மலையில் துண்டாடல் அவ்வளவாக நேரவில்லை. தோட்டங்கள் பெருநிறுவனங்களின் கையில் நிலைத்து நின்றன. அதனால் வேலை நிலைத்தது; ஆனால் சொந்த வீடு என்னும் கேள்வி தள்ளிப் போடப்பட்டுக்கொண்டே வந்தது. 1969ஐ அடுத்து, குடியுரிமை இல்லாதோர்க்கு வேலைப் பெர்மிட்டு கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டையோடு நின்ற முதியவர்கள் பலர் நாடெங்குமிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறினர். எஞ்சியோரின் பிள்ளைகள் படித்தனர். கொழுந்துக் கூடையைத் தூக்க அவர்களுக்கு மனமில்லை. தூக்கச் சொல்லப் பெற்றோர்க்கும் மனமில்லை. ஓட்டுநராகவும் விடுதி ஊழியராகவும் சந்தைக் கடைக்காரராகவும் ஆசிரியராகவும் பலர் பட்டணத்திற்கு இறங்கினர். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனவர் இன்னும் பலர்.

இறங்கியவர்கள் பிரிஞ்சாங்கில் வீடு வாங்க முடிந்ததா என்பதே இவ்வரலாற்றில் கடினமான கேள்வி. விடுமுறை அடுக்குமாடியின் விலையும் கொழுந்து நிறுத்துப் பெற்ற கூலியும் ஒரே தராசில் நிற்பவையல்ல. மலையில் பிறந்து, மலையில் படித்து, மலைக்கு வரும் பயணியைத் தன் வண்டியில் சுற்றிக் காட்டிப் பிழைக்கும் ஒருவர், வாடகை வீட்டிலேயே காலங்கழிப்பது அரிய காட்சியன்று. பொதுநில வீடமைப்பு வந்த இடங்களிலும், சமநிலம் குறைவென்பதே முதல் தடையாயிற்று. 2004இல் கேமரன் மலை தனி நாடாளுமன்றத் தொகுதியானபின், ம.இ.கா.வைச் சேர்ந்தோர் தொடர்ந்து அதை வென்றனர். 2019 இடைத்தேர்தலில் ஓராங் அஸ்லி இனத்தவர் ஒருவர் முதன்முறையாக நாடாளுமன்றம் சென்றார். ஒவ்வொரு தேர்தலிலும் மேடையேறிய வாக்குறுதிகளில் நிலமும் வீடும் சாலையும் தவறாமல் இடம்பெற்றன.

சுங்கை பாலாஸ், போ தோட்டங்களின் தமிழ்ப்பள்ளிகள் இக்காலமெல்லாம் நின்று வந்துள்ளன. ஆனால் லயத்தில் குடும்பங்கள் குறையக் குறைய, வகுப்பில் தலைகளும் குறைந்தன. காலியான லயங்களிலும் காய்கறித் தோட்டத்துக் கொட்டகைகளிலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, மியான்மார் நாட்டவர் குடியேறினர். கொழுந்தெடுக்கும் கைகள் மாறின. கத்தரிக்கோலும் இயந்திரமும் விரல்களின் இடத்தைப் பிடித்தன. தொழிலாளர் குடியிருப்புத் தரச்சட்டம் தோட்டத்துக்கு 1966 முதலே உண்டு. 1990இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2019இல் மற்றத் தொழில்களுக்கும் விரிக்கப்பட்டது. சட்டம் சுவருக்கும் கூரைக்கும் தண்ணீருக்கும் அளவு சொல்கிறது. சுவர் நிற்கும் சரிவின் உறுதியை அளக்க வேறொரு துறை, அச்சரிவின் உரிமத்தைக் கொடுக்க மற்றொரு துறை, அதன் மேலிருந்து இறங்கும் நீரைக் கவனிக்க இன்னொரு துறை.

2024 ஜனவரி 26ஆம் நாள் அதிகாலையில், புளூ வேலியில் காய்கறித் தோட்டத்துச் சரிவு இடிந்து கீழிருந்த குடியிருப்பை மூடியது. உள்ளே உறங்கிய மியான்மார் நாட்டுத் தொழிலாளர் ஐவர் மாண்டனர். தோண்டியெடுக்கும் பணி மழைக்கிடையே நாட்கணக்கில் நடந்தது.